இதர

ஆற்காடு சாலையில் மூன்றாவது வருடமாக நீலத் தகரம்.
அந்தப் பக்கம் பள்ளம், இந்தப் பக்கம் நாங்கள்.
ஒன்றன் மூக்கில் ஒன்று முட்டி
கார்கள் சூடேறி நிற்கையில்
தகரத்துக்கும் சாக்கடை மூடிக்கும் நடுவே
ஹேண்டில்பார் அகலத்துக்கு ஒரு வழி.
யார் விட்டார்களோ, நல்லா இருக்கட்டும்.

வடபழனி ஸ்டேஷன் கட்டணப் பலகையில்
கார் உண்டு, பைக் உண்டு.
ரசீது மெஷினைத் தட்டித் தட்டிப் பார்த்த எபினேசர்
கடைசியில் ‘இதர’ என்று அடித்துக் கொடுத்தார்.
ஐந்து ரூபாய்.

மேலே, ஏசிப் பெட்டியில்
என் முதுகின் ஈரம் பார்த்து
ஒருத்தி அரை அடி தள்ளி நின்றாள்.
ஆலந்தூர் வருவதற்குள் காய்ந்துவிடும்.
சொல்லவில்லை.

ஐப்பசிச் சேற்றில் ஒருநாள் சறுக்கி விழுந்தேன்.
தகர இடுக்கில் மஞ்சள் ஹெல்மெட் ஒன்று
கை நீட்டித் தூக்கிவிட்டது.
இந்தியில் ஏதோ திட்டியது, அல்லது விசாரித்தது.
செயினையும் மாட்டிக் கொடுத்தது.

இன்று என் தூணில் இன்னொரு சைக்கிள்.
கேரியரில் ரப்பர் கட்டிய சாப்பாட்டுப் பை,
மட்கார்டில் அதே சாலையின் அதே சேறு.

“உங்க ஆளா?” என்றார் எபினேசர்.

ஆமாம் என்றேன்.
யாரென்று தெரியாது.