காற்றுக்குக் கூலி

பெலாவா, நெப்ராஸ்கா. ரயில் நிலையச் சரக்குப் பதிவேடு.
எனக்கு முந்தைய கிளார்க் எழுதிய முதல் சீட்டு:
1931 ஆகஸ்ட். தகர டப்பா, காலி. ஒரு வேகன்.
எடைக் கட்டத்தில் ஒரு சுழி.
பிறகு அதை அடித்துவிட்டு ஏதோ ஓர் எண்.

காற்றை ஏற்றுகிறீர்கள், இடத்துக்குக் கூலி கொடுங்கள்
என்றது ரயில்வே.
தகரத்தை ஏற்றுகிறோம், எடைக்குத்தான் கூலி
என்றது கம்பெனி.
வழக்கு ஒன்பது வருடம்.
அதற்குள் சாலைக்கு எதிர்ப்புறம்
மக்காச்சோளம் அடைக்கிறவர்கள் வந்துவிட்டார்கள்.
சுவரில் ஓட்டை, சாலைக்கு மேலே ஒரு சரிவுத் தடம்,
டப்பாக்கள் தாமாகவே உருண்டு போயின.
ரயிலுக்குக் காசு இல்லை, எனக்கு வேலை இல்லை.
நானும் டப்பா ஆலைக்கே போய்ச் சேர்ந்தேன்.

ஆறு மாதத்தில் வலது காது போனது.
உள்ளே இருந்தவர்கள் எல்லோரும்
உதட்டைப் படிப்பார்கள்.
கசிவு மேஜையில் விளாஸ்தா கோபெட்ஸ்கி,
நாளெல்லாம் டப்பாவைத் தண்ணீரில் அமுக்கிக்
குமிழி வருகிறதா என்று பார்ப்பவள்,
ஐம்பதடி தள்ளி முணுமுணுத்தாலும் பிடித்துவிடுவாள்.
பெலாவாவில் ரகசியம் கிடையாது.
தேவாலயத்தில் பாவத்தைச் சொல்லப் போனவர்கள்
கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

போர் வந்ததும் டப்பாவுக்குப் பாசிப்பச்சைப் பூச்சு.
வெயிலில் மின்னினால் ஆள் செத்தானாம்.
ஓட்டோகார் ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒன்றை எடுத்து
அடியில் ஆணியால் தம்பி பெயரைக் கீறுவான்,
எந்தப் பெட்டி எந்தக் கடலுக்கு என்று தெரியாமலே.
ஒரே ஒரு பதில் வந்தது,
யாரோ ஒருவனிடமிருந்து:
பீன்ஸ் நன்றாக இல்லை.

1969. சோளக்காரர்கள் மினசோட்டாவுக்குப் போனார்கள்,
ஒரே இலையுதிர் காலத்தில்.
எங்களிடம் எதுவும் கெட்டுப்போகவில்லை.
புது இயந்திரம், நிமிடத்துக்கு நானூறு டப்பா.
ஆனால் முந்நூறு மைல் காற்றைச் சுமக்க
யார் கூலி கொடுப்பார்கள்?
கணக்குப் போடச் சொன்னது என்னிடம்தான்.
மூன்று முறை போட்டேன்.
மூன்று முறையும் சரியாகவே வந்தது.

கடைசி நாள் மெயின் சுவிட்சை இறக்கினார்கள்.
நூற்றெண்பது பேர் நின்றோம்.
கத்த வேண்டியதில்லை என்பது யாருக்கும் நினைவில் இல்லை,
பேசலாம் என்பதும்.
உதடுகள் மட்டும் அசைந்தன.

விளாஸ்தா வரிசையில் மிஞ்சிய ஒன்றை எடுத்து அமுக்கினாள்.
ஒரு குமிழி.
துடைத்து,
ஒழுகுகிறவற்றின் கூடையில் போட்டாள்.