தேரை என்ன சொன்னது

குவோபியோவில் டிசம்பர்.
மூன்று மணிக்கே பகல் முடிந்துவிட்டது.
ரைலிக்கு அந்த இருட்டும் போதாது;
கதவிடுக்கில் துணி செருகி
செல்போனை டிராயருக்குள் கவிழ்த்து
அகச்சிவப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு
ஒரு தேரையின் விழித்திரையை
உப்புநீரில் விரிக்கிறாள்.

நாம் நினைப்பதற்குத் தலைகீழ்:
இருட்டில்தான் அந்தச் செல்
ஓயாமல் பேசுகிறது.
திறந்து கிடக்கும் வாசலில்
சோடியம் நுழையும், கூடவே கால்சியம்,
எலும்பில் இறுகிக் கிடக்கும் அதே சுண்ணாம்பு
இங்கே கரைந்து நடமாடும்.

வெளிச்சம் ஒரு துளி வந்து தொட்டால்
ரோடாப்சின் முறுக்கவிழும்.
வாசல் சாத்திக்கொள்ளும்.
பேச்சு தாழும்.
அந்த மௌனத்தைத்தான்
பார்த்தேன் என்கிறோம்.

உள்ளிருந்த கால்சியம் வெளியேற வெளியேற,
அதுவரை ரெகவரின் பிடித்துவைத்திருந்த நொதி
கை விடுபட்டு ஓடி
எரியும் ரோடாப்சினின் வாலில்
பாஸ்பேட் முத்திரை குத்தும்:
போதும், அணை.
இல்லாவிட்டால் முதல் தீக்குச்சியே
எரிந்துகொண்டிருக்கும்,
அடுத்ததைக் காணமாட்டோம்.

வாசலை மறுபடி திறக்க
இன்னொரு புரதம் ஆளனுப்பும்.
கால்சியம் திரும்பி வந்து தோளில் தட்டினால்
அது நிறுத்தவேண்டும்.
ரைலியின் தம்பி ஏஸ்கோவுக்கு
தட்டினாலும் நிறுத்துவதில்லை.
மரபணுவில் ஒரே ஓர் எழுத்து.
வாசல்மேல் வாசல் திறந்து வெள்ளம் புகுந்து
கூம்புகள் ஒவ்வொன்றாய்ச் செத்தன.
டாக்ஸி உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

ஒரு கண்ணில் வெண்ணெய்,
ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்போம் நாம்.
ஒரே அம்மா.
அவளுக்கு அது, அவனுக்கு இது
என்று சொல்ல வாயெடுத்து நிறுத்துகிறேன்.
சுண்ணாம்பு எல்லாக் கண்ணிலும் இருக்கிறது.
அது தட்டும்போது கேட்க
ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

வேலை முடிந்து கதவைத் திறந்தால்
நடைவழியின் குழல்விளக்கு
முகத்தில் அறைகிறது.
வெறும் வெள்ளை.
சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.
அவள் கண்ணுக்குள் கால்சியம் வடிகிறது.
முதலில் காப்பி இயந்திரத்தின் பச்சைப் பொத்தான்,
பிறகு நாற்காலி,
பிறகு தன் கை.

வெளியே,
பனியில் தெறிக்கும் விளக்குகளுக்கு அஞ்சி
கறுப்புக் கண்ணாடியோடு ஏஸ்கோ.
பூட்ஸ் சத்தத்திலேயே அக்காவை அறிகிறான்.
சாலை கடக்கும் இடத்தில்
சிவப்பா பச்சையா என்று கேட்கிறான்.
பச்சை என்கிறாள்.

பாதி வழியில் இன்னொன்று கேட்டான்:
இன்றைக்குத் தேரை என்ன சொன்னது?

ஒன்றும் சொல்லவில்லை.
நன்றாகப் பார்த்தது.