பதினொரு வாசல்

மஞ்சக்குப்பத்தில் பேக்கரிக்கு மேல் மாடியில்
நான் எழுதிய மென்பொருள் படகுகளோடு பேசும்.
காற்று, அலை, டீசல் விலை, ஏலம் தொடங்கும் நேரம்.
பேசும்தான்,
என் வாயை வைத்துக்கொண்டு.

ஒரு சொல்லை மாற்றவும் என்னைக் கூப்பிடுவார்கள்.
பல் டாக்டரிடம் வாயைப் பிளந்து கிடந்தபோது ஒருமுறை.
அத்தையின் காரியத்தன்று கெடிலக்கரையில்
ஈர வேட்டியோடு லேப்டாப்பைத் திறந்தேன்,
ஒரு காற்புள்ளிக்காக.

ஐஸ் பேக்டரியில் கணக்கெழுதும் ஜெசிந்தா கேட்டாள்:
"வடகிழக்கு முப்பது நாட்டுன்னா படகுல யாருக்கு சார் புரியும்?
வாடை, கொண்டல்னு சொல்லணும்.
எனக்கு பைத்தான் தெரியும்.
எங்க மாத்தணும்னு காட்டுங்க, நானே மாத்திக்கிறேன்."

காட்ட முடியாது.
உள்ளே அவ்வளவு ஒட்டடை.

ஐப்பசி முழுக்க மழை. சுவரை உடைத்தேன்.
எதைத் திறப்பது, எதைப் பூட்டியே வைப்பது என்று
பாதி நாள் வெறுமனே உட்கார்ந்திருந்தேன்.
கடைசியில் ஒரு நூலகம். பதினொரு வாசல்.
பைத்தானில் வரலாம், லுவாவில் வரலாம்,
பெர்லை இன்னும் விடாதவர்களும் வரலாம்.
கையேட்டில் ஒரு வரி:
'வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தரவும்.'
தர மாட்டார்கள் என்று தெரிந்தேதான் எழுதினேன்.

முதல் நாளே ஜெசிந்தாவின் போன்.
"கொண்டல்னு அனுப்பினா 'கெ'ன்னு போகுது சார்.
கொம்பு வந்துச்சு, கால் வரல."
எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணியிருக்கிறேன்,
நானும் ஒரு தமிழன்.

கார்த்திகையில் புயல் சின்னம்.
அன்றிரவு என் போன் அடிக்கவில்லை.
செத்துவிட்டதா என்று பதறிப்போய் பதிவேட்டைத் திறந்தால்
நான் எழுதாத இருபத்து மூன்று நிரல்கள்
என் வாசல்கள் வழியே போவதும் வருவதுமாக.

ஏழாவது வாசல்
மீன் விலை அறிவிக்க வைத்தது.
சோணாங்குப்பத்திலிருந்து யாரோ அதன் வழியே
கரை சேராத படகுகளைப் பெயர் சொல்லிக்
கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்,
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை.
பதில் வந்தால் பெயர் பட்டியலிலிருந்து விழும்.
பதினான்கு. ஒன்பது.
வெகுநேரம் இரண்டு.

கை விசைப்பலகைக்குப் போனது, எதற்கென்று தெரியாமல்.
எடுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

நான்கு மணிக்குக் கீழே அடுப்பு பற்றவைக்கும் சத்தம்.
நான்கு பன்னிரண்டுக்குக் கடைசிப் பெயரும் விழுந்தது.
நிரல் தானே நின்றது,
வாங்கிய நினைவகத்தை
ஒரு பைட் குறையாமல் திருப்பித் தந்துவிட்டு.