இருபதில் ஒன்று

வத்தல்மலை அடிவாரத்தில்
ஆறரைக்குச் சிவப்புக் கொடி ஏற்றினோம்.
நான், தீர்த்தகிரி, ஒரு ஃபிளாஸ்க் டீ,
கிரீஸ் வாடை போகாத புதுக் குழல் மாட்டிய ரைஃபிள்,
ஆயுதக் கிடங்கில் எண்ணிக் கொடுத்த இருபது தோட்டா.

துணி என்னுடையது.
தேர்தல் சமயத்தில் யாரோ மச்சானுக்குக் கொடுத்த கரைவேட்டி.
அங்குலம் அங்குலமாய் வெட்டியபோது
கரையை மட்டும் கழித்துவிட்டேன்.
சாயம் ஒட்டினால்
குழல் சொல்வது எது, கட்சி சொல்வது எது
என்று தெரியாமல் போகும்.

ஒன்று சுடு, ஒரு முறை துடை.
அவ்வளவுதான் வேலை.
முதல் சத்தத்துக்கு மயில்கள் அகவின.
அப்புறம் அவையும் சலித்துக்கொண்டன.

போல்ட்டைக் கழற்றி
பின்பக்கமாய்க் கம்பியை விட்டு
அம்மோனியா நெடிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு
தள்ளினால்
முன்வாயில் வந்து விழும் துணி
மயில் கழுத்து நிறத்தில்.
செம்பில் களிம்பு என்று பள்ளியில் சொன்னார்கள்.
எஃகுக்குச் செம்பே களிம்பு.
பறந்த தோட்டாவின் சட்டை கிழிந்து
மரையின் பிசிறுகளில் மாட்டியிருக்கிறது.
வேலிமுள்ளில் தாவணி மாதிரி.

"இதனால என்னா ஏட்டையா ஆவப்போவுது?
இருபதும் வீணு" என்றான் தீர்த்தகிரி.
எனக்கும் உறுதியாகத் தெரியாது.
சேலத்தில் பாடம் எடுத்தவர் கட்டாயம் என்றார்.
ஆவடியில் ஒருவர் சிரித்தார்.
புதுச் சட்டியில் வடிகஞ்சி ஊற்றிப் பழக்குகிறோம்,
எந்தச் சட்டி வாய் திறந்து
போதும் என்றது?

ஒன்பது மணிக்கு வரப்பில் வந்து நின்றாள் மாதம்மா,
முப்பது ஆடு, தோளில் துரட்டி.
"படபடன்னு சுட்டுத் தொலைச்சா
நான் அந்தாண்ட போவேன் இல்ல?
ஒன்னு வெடிக்கறீங்க, அரை நாழி கம்முனு கெடக்கறீங்க.
துப்பாக்கிக்கு என்னா, ஒடம்பு சரியில்லியா?"
நான் கொடியைக் காட்டினேன்.
அவள் வெயிலைக் காட்டினாள்.

பதினாலாவது.
மூச்சைப் பாதி விட்டு
விரல் பாதி தூரம் போயிருந்தபோது
சீத்தாச் செடி மறைவிலிருந்து ஒரு வெள்ளாட்டுக் குட்டி
துள்ளி வந்து நின்றது குறிமேட்டில்.
இலக்குக் காகிதத்தை முகர்ந்தது.
பசை ருசித்திருக்க வேண்டும்,
ஓரத்தைக் கடித்து இழுத்தது.

மாதம்மா கத்தவில்லை.
துரட்டி கீழே விழுந்தது மட்டும் கேட்டது.

விரலை எடுத்தேன். போல்ட்டை இழுத்தேன்.
தார்ப்பாயில் உருண்ட தோட்டாவைக் குனிந்து எடுத்தேன்.
காய்ந்த குழலுக்குள் சற்று நேரம் இருந்ததில்
சுடாத தோட்டா
கையைச் சுட்டது.

மீதி ஆறையும் முடிக்க மணி இரண்டு.
பதினெட்டுக்கு மேல் துணி
கிட்டத்தட்ட வேட்டியாகவே திரும்பி வந்தது.
குழல் பழகிவிட்டதா,
நான் தேய்த்துத் தேய்த்துக் களைத்துவிட்டேனா,
சொல்லத் தெரியவில்லை.

பதிவேட்டில்தான் சிக்கல்.
பெற்றது இருபது, சுட்டது பத்தொன்பது,
வெற்றுக் கூடு பத்தொன்பது.
அடுத்த கட்டம்: பழுது.
"பழுதுன்னே போட்டுடலாம் ஏட்டையா."
பழுதில்லையே.
"அப்ப அந்த ஒன்னையும் சுட்டுடுங்க.
கணக்கு நேராயிடும்."

வெளிச்சம் இருந்தது. கொடி இன்னும் இறங்கவில்லை.
மேட்டில் யாருமில்லை.
சுட்டிருக்கலாம்தான்.

தோட்டாவைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானிட்டு
கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில்,
ஒரே ஒரு சொல் எழுதினேன்: ஆடு.
நாளைக்கு இன்ஸ்பெக்டர் கூப்பிட்டுக் கேட்பார்.

கொடியை இறக்கியதும்
மாதம்மா எங்களைப் பார்க்காமலே ஓட்டிக்கொண்டு போனாள்.
முப்பதும் குறிமேட்டில் ஏறி இறங்கின,
உள்ளே புதைந்த எங்கள் ஈயத்தின் மேல்
புழுக்கை போட்டுக்கொண்டு.