பன்னிரண்டு அல்ல

குளச்சல் ஏலக்கூடத்துக்குப் பின்னால்
ஐஸ் உடைக்கிற சத்தத்தில் நின்று
பதினோரு மாதம் எண்ணினேன்.
வள்ளம் எக்ஸ். விசைப்படகு ஒய்.
சாளை, அயிலை, கணவாய் எல்லாம் சேர்த்துக் கடைசியில் ஒரு கே:
கடல் தாங்கும் அளவாம்.
கடலிடம் யாரும் கேட்கவில்லை.

ஆல்பா என்ற எழுத்தின் காலடியில்
ஒன்றும் இரண்டும் பொடியாக ஒட்டியிருக்கும்.
பன்னிரண்டா, என்றார் மீன்துறை அலுவலர்.
இல்லை சார், ஒன்று, பிறகு இரண்டு.
இரண்டாமவன் ஒருத்தன் வந்து நின்றால்
முதலாமவனுக்கு எத்தனை பேர் வந்ததாகப் படுமோ
அந்த எண்.

முப்பத்து நாலு.

"எங்கிட்ட கேட்டிருந்தா
அந்திக்குள்ள சொல்லியிருப்பேனே பிள்ளே"
வலையிலிருந்து தலை நிமிராமல்
சொன்னார் வியாகுலம்.

எதிர்ப்பக்கத்து எண் ஒன்றைக்கூட எட்டவில்லை.
ஆகவே வரைபடத்தில் எக்ஸின் கோடு
சரிந்து சரிந்து தரையைத் தொட்டது.
தொட்ட இடத்தில் ஆண்டைக் குறிக்காமல்
தாளை மடித்து வைத்தேன்.

தப்பிக்க ஒரே ஒரு வழி உண்டு சமன்பாட்டில்.
அடுத்தவனைத் தடுப்பதைவிட
தன் ஆளைத் தானே அதிகம் தடுத்தால்
இரண்டு கூட்டமும் நிற்கும்.
இப்படி எழுதினால் உபதேசம் போல் கேட்கிறது.
அது வெறும் அசமன்பாடு,
இரண்டு வரி.

புதன் இரவு முட்டத்துக்குத் தெற்கே
பதினெட்டு வள்ளத்தின் வலை அறுந்தது.
விடியுமுன் ஒரு விசைப்படகை வளைத்து இழுத்து வந்து
ஏழு பேரைக் குருசடி முற்றத்தில் உட்காரவைத்தார்கள்.
பெயர் எழுதிக்கொள்ள என்னைக் கூப்பிட்டார்கள்,
நோட்டு என் கையில்தானே இருக்கிறது.
ஐந்தாவது பெயர் கிளீட்டஸ்.
வள்ளத்து எஞ்சின் கடனுக்காக
மூன்று வாரம் விசைப்படகில் ஏறியவன்.
என் பதிவேட்டில்
ஒன்பதாம் பக்கத்தில் எக்ஸ்.
நாற்பத்தொன்றில் ஒய்.
வியாகுலத்தின் இரண்டாவது மகன்.

கட்டுகிறவர்களில் வியாகுலமும் இருந்தார்.
ஆறு பேருக்கு ஒவ்வொரு முடிச்சு,
சாயா குடிக்கக் கை எட்டுகிற மாதிரி, தளர்வாக.
மகனுக்கு மட்டும்
முழங்காலால் அழுத்திப் பிடித்து
இன்னும் இரண்டு முடிச்சு.

காலையில் அலுவலர் போன் செய்தார்,
அறிக்கை என்னாச்சு என்று.
ஒரு உறுப்பு விட்டுப்போயிருக்கிறது சார், என்றேன்.
அதன் முன்னால் கூட்டல் குறி போடுவதா
கழித்தல் குறி போடுவதா என்று
இன்னும் தெரியவில்லை.