ஒன்றரை விரற்கடை

திங்கட்கிழமை. அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.
டூரின் நகரத்து மழை மட்டும்
கண்ணாடிக் கூரைமேல் நடந்து பார்க்கிறது.

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள்.
ஆடைப் பாதி வந்துவிட்டது
ரோமிலிருந்து, மெல்லிய காகிதத்தில் சுற்றி,
காப்பீட்டு எண்ணோடு,
கைகட்டி நிற்கும் இரண்டு காவலர்களோடு.
ஆள் பாதிதான் என் பொறுப்பு.
பொம்மைக்கு உடம்பு செய்பவன் நான்.

வெளியுலகில்
உடம்புக்காகத் துணியை வெட்டுவார்கள்.
இங்கே ஒரு தையலைத் தொடக்கூடாது.
இறுக்கினால்
உடம்பைத்தான் வெட்ட வேண்டும்.
அரத்தை எடுத்து இடுப்பைச் சீவுகிறேன்.
நுரைத்தூள் என் புருவத்தில் உட்கார்கிறது.

குளத்தடி நிறத்தில் பட்டு.
விலாவில் பதினெட்டுக் கொக்கிகள்,
ஒன்றுகூட வெளியே தெரியாது.
அக்குளில் ஒரு பழைய வியர்வைக் கறை,
ஒர்சோலா அதைச் சுத்தம் செய்ய மறுத்துவிட்டாள்.
அணிந்தவள் பெயர் அட்டையில் இல்லை.
தைத்தவர்கள் பெயர் எந்த அட்டையிலும் இல்லை.
தைக்கச் சொன்னவர் பெயர்
வாசல் சுவரில், என் உயரத்துக்கு.

எத்தனை சீவியும் ஆடை கோணியே நின்றது.
இடப்பக்கம் ஒரு சுருக்கம்,
சொல்ல வந்து நிறுத்திய உதடு மாதிரி.
ஒர்சோலா கைவிளக்கை உள்ளே நீட்டினாள்.
"இங்கே பார்."

உள்துணிக்கு அடியில், இடது தோளில்,
குதிரைமுடி அடைத்த சின்னத் திண்டு.
மூன்று அடுக்கு.
ஒவ்வொன்றும் வேறு கையின் தையல்.

அவளுக்கு ஒரு தோள் இறங்கியிருந்தது.
ஒன்றரை விரற்கடை.
நடனக் கூடங்களில், தேவாலயப் படிகளில்,
கேமராக்களின் வெள்ளை மின்னலில்
யார் கண்ணிலும் படாத ஒன்றரை விரற்கடை.
மூன்று பேருக்குத் தெரிந்திருந்தது.
மூன்று பேர் வாயிலும் குண்டூசி,
அதனால் அவர்கள் பேசவில்லை.

பொம்மையின் இடது தோளில் அரத்தை வைத்தேன்.
கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.
கோணல் உடம்பு கிடைத்ததும்
ஆடை நேராக நின்றது.

*

அடுத்த அறை லுடோவிகோவின் ராஜ்யம்.
சுவர் நான்கிலும் ஒளி.
ஒரு பட்டு நூல் மரத்தடி பருமனில் எழும்பி
கூரையைத் தொட்டு வளைகிறது.
ஒரு பாசிமணிக்குள் ஆள் நுழையலாம்.
நிஜக் கத்தரியின் சத்தம் எடுபடவில்லையாம்,
செலரித் தண்டை நறுக்கிப் பதிவு செய்திருக்கிறான்.
இஸ்திரி ஆவியின் வாசனைக்கு
மணிக்கு இருமுறை வேலை செய்யும் ஒரு பெட்டி.

திறந்த நாளில்
தரையில் ஓடும் ராட்சத ஊசி வரும்போதெல்லாம்
ஒரு சிறுவன் காலைத் தூக்கிக்கொண்டான்.
அவன் அம்மா தூக்கவில்லை.
பிறகு அவளும் தூக்கினாள்.

டிராம் ஓட்டும் பெண் ஒருத்தி
சீருடையோடு வந்தாள், வேலை முடிந்த நேரம்.
எல்லாரும் ஒளியறைக்கு விரைய
பட்டாடை முன்னால் வெகுநேரம் நின்றாள்.
என் கழுத்து அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"இதைப் போட்டுக்கொண்டு உட்கார முடியுமா?"
முடியாது என்றேன்.
"சாப்பிட?"
கொஞ்சமாக.
சிரித்தாள்.
தோளிலிருந்து நழுவிய பையை
ஏற்றிவிட்டுக்கொண்டாள்.
இடது தோள்.
அவளிடம் சொல்லிவிடலாமா என்றிருந்தது.

*

அந்தத் திங்கட்கிழமை இரவு
விளக்கணைக்கும் முன் குண்டூசிகளை எண்ணினோம்.
எழுபத்திரண்டு எடுத்திருந்தோம்,
தட்டில் எழுபத்தொன்று.
ஒர்சோலா தரை முழுக்கக் காந்தம் ஓட்டினாள்,
முழங்காலிட்டு, முனகிக்கொண்டே.
அப்படியே நிமிர்ந்து கேட்டாள்:
"திண்டைப் பற்றி அட்டையில் எழுதலாமா?"

நான் பதில் சொல்லவில்லை.
எழுபத்திரண்டாவது
என் உதடுகளுக்கு நடுவில் இருந்தது.