விடமாட்டேன் என்கிறது

நண்டு ஆலையில் இரவு வேலை முடித்து
ரியோ செகோவிலிருந்து திரும்பும் வழியில்
யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல்
வண்டி முனகியது.
எதிர்க்காற்று என்று நினைத்தேன்.
புன்தா அரேனாஸில் எங்களுக்கு
எதற்கும் காற்றைக் குறைசொல்லிப் பழக்கம்.

வாசலில் இறங்கி
முன் டிஸ்க்கில் எச்சில் தொட்டு வைத்தேன்.
சுர்ரென்றது.
காற்றால் இப்படிச் சுடவைக்க முடியாது.

லீவரை அழுத்தி அழுத்தி
பிஸ்டன்களை வெளியே அழைத்தேன்.
இடது சொன்ன பேச்சு கேட்டது.
வலது கல்லுளிமங்கன்.

சமையல் மேசையில் செய்தித்தாள் விரித்து
அதன்மேல் காலிப்பரைக் கிடத்தினேன்.
ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தில்
வெள்ளைப் பொருக்காய் உப்பு.
பனிக்காகச் சாலையில் கொட்டியது,
நீரிணை தூவியது,
என் கையுறையிலிருந்து சொட்டியதும்
கொஞ்சம் இருக்கும்.
பழைய பல்துலக்கியால் சுரண்டினேன்.

எங்கே சாப்பிடுவது என்றாள் மகள் யெஸேனியா.
மடியில் என்றேன்.

மாட்டி, குழாயில் காற்றெடுத்து,
ஓட்டிப் பார்த்தேன்.
எட்டாவது கிலோமீட்டரில்
அதே முனகல்.
கரையோரம் நின்று
சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னேன்.
நீர்க்காகங்களில் ஒன்றுகூடத்
திரும்பிப் பார்க்கவில்லை.

இரவு,
கைப்பிடிமேல் இருக்கும் சின்ன டப்பாவைத் திறந்தேன்.
ஆறிப்போன தேநீர் நிறத்தில் ஆயில்.
அடியில் இரண்டு துளைகள்.
பெரியது உள்ளே இறங்க.
மற்றது, ஊசி நுனிக்கும் சிறியது,
பிடித்து முடித்த அழுத்தம்
திரும்பி வர.
லீவரைத் தொட்டால் அதில்
ஒரு குட்டி ஊற்று எழவேண்டும்.
எழவில்லை.

ஒரு வாரமாய் நான் விசாரித்த காலிப்பர்
நிரபராதி.
சரி, பாதி நிரபராதி.

பக்கத்து வீட்டு த்ராகிட்சாவின் கிதாரில்
முதல் தந்தி அறுந்து தொங்கியது.
அரைச்சாண் வெட்டித் தந்தாள்.
எதற்கு?
பிரேக்குக்கு.
அதற்குமேல் கேட்காதது அவள் குணம்.

குத்தினேன்.
கறுப்பாய் ஒரு பிசின்,
மணல் அளவுகூட இல்லை,
மேலே மிதந்து வந்தது.
இதுவா,
இதுவா இருநூறு கிலோ வண்டியை
இழுத்துப் பிடித்தது?

மறுபடி லீவரைத் தொட்டேன்.
ஊற்று எழும்பி என் கண்ணாடியில் தெறித்தது.
டேங்கில் விழுந்த துளியைத் துடைக்க
துணி தேடிப் போய் வருவதற்குள்
நகத்தளவு பெயிண்ட்டைத் தின்றிருந்தது.
இருக்கட்டும்.

புது ஆயில் ஊற்றி மூடி,
முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி,
கொட்டகைக் கதவைத் திறந்தேன்.
நீரிணையிலிருந்து வந்த காற்று
ஆரக்கால்களுக்குள் நுழைந்தது.
நான் தொடவில்லை.
கால் சுற்று.
நின்று, யோசித்து,
இன்னொரு அரைச்சுற்று.

யெஸேனியாவைக் கூவி அழைத்தேன்.
வந்தாள், பார்த்தாள்.
நல்லது, என்றாள்,
மேசை எப்போது கிடைக்கும்?